நெயில் பாலிஷ் வைத்த தம்ளர்

மாரிசெல்வியின் கழுத்தில், வலது காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நெறி கட்டியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலிக்காத நோயை யார் மதிக்கிறார்கள்? ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறவளுக்குத் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க் என்று பாதி உடம்பு எப்போதும் மூடியே கிடக்கும். கழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆனபிறகுதான் படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

படப்பையில் டாக்டர் பரசுராமன் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் கிளினிக் போர்டில் அவர் பெயரைவிட போன் நம்பர் பெரிதாக இருக்கும். அதற்குக் காரணம் இருந்தது. அவர் இருக்கிற நேரத்தில் கம்பெனிப் பிள்ளைகள் ஷிப்டில் இருப்பார்கள். பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். வாட்ஸ்அப் வந்து எல்லார் கையிலும் சைனா போன் புழங்க ஆரம்பித்ததும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ரிப்போர்ட்டை, மாத்திரைச் சீட்டை, புண்ணை, எதுவானாலும் படம் பிடித்து கிளினிக் நம்பருக்கு அனுப்பிவிட்டால் போதும், ஓய்வு கிடைக்கும்போது பார்த்துப் பதில் போடுவார். நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார். நல்ல எண்ணத்தில் ஆரம்பிக்கிற காரியத்துக்குத்தான் யாரும் பூட்டுப் போடுவதில்லை.

நெறியில் ஊசி வைத்து உறிஞ்சித் தாம்பரத்தில் இருக்கும் லேபுக்கு அனுப்பினார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அது சுத்தமாக இருந்தது. லேப் ரிப்போர்ட் வந்த வாரம் மாரிசெல்விக்குக் காலை ஷிப்ட். கிளினிக் நர்ஸ் இசைவாணி போனில் சொன்னாள்: "இதுக்குன்னு லீவு போட்டுகினு வராதமா. ஷிப்ட் முடிஞ்சி லேபுல ரிப்போர்ட்ட வாங்கி போட்டோ புடிச்சி நம்ம நம்பருக்கு அனுப்பிடு. சார் பாத்து மாத்திரை சொல்லிடுவாரு."

வல்லக்கோட்டையில், லேபர் கான்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்த மூன்று மாடி ஹாஸ்டலில் அவள் தங்கியிருந்தாள். அறைக்கு ஆறு பெண்கள். தனியாக இருக்க வேண்டுமென்றால் ஒன்று குளியலறை, இல்லாவிட்டால் மொட்டை மாடி. அவள் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் தாளை விரித்துப் படம் எடுத்தாள். எடுக்கும்போதே படித்துவிட்டாள். பிளஸ் டூ வரை படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையின் முதல் பாதியே போதுமாயிருந்தது. டி.பி.

தாளை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பயப்படாமல் என்ன செய்வாள்? போன வருஷம் இரண்டாவது மாடியில் ஒரு பெண் விடாமல் இருமினாள் என்று, டெஸ்ட் முடிவு வருவதற்கு முன்னாலேயே பெட்டியும் கையுமாக அவளைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். பிறகு அந்தப் பெண்ணுக்கு வெறும் ஆஸ்துமா என்று தெரிந்தது. ஆனாலும் யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாரிசெல்விக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். இவ்வளவு தூரம் அனுப்ப அவள் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் வீட்டில் ஒரு பாரதப் போரே நடந்தது. "ஒரு தடவ பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்தேன்னா, பெறகு வாசப்படி தாண்டக் கூடாது" என்பது அவர் போட்ட நிபந்தனை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

படத்தை அனுப்பிவிட்டு அதன் கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினாள். பரவுமா சார்? வேலைக்குப் போலாமா?

சாயங்காலம் பதில் வந்தது. டாக்டர் பொறுமைசாலி. நெறியில் மட்டும்தான் இருக்கிறது, நெஞ்சில் இல்லை, அதனால் இது யாருக்கும் பரவாது, தட்டு தம்ளர் தனியாக வைக்க வேண்டாம், வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது என்று விளக்கமாகப் போட்டிருந்தார். அதை நான்கு முறை வாசித்தாள். போன உயிர் திரும்பியது.

உயிர் திரும்பியதும் புத்தியும் வேலை செய்தது. கேமராவில் எடுத்த படத்தை அழித்தாள். வாட்ஸ்அப்பில் கிளினிக்கோடு பேசியது மொத்தத்தையும், டாக்டர் பதிலோடு சேர்த்து, அழித்தாள். ரிப்போர்ட் தாளை மறுமுறை போனபோது இசைவாணியிடமே கொடுத்துவிட்டாள். மாத்திரைகளைப் பிரித்து இரும்புச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டாள். அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் இரும்புச் சத்து மாத்திரைதான் விழுங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் போனில் இடம் பற்றாது. அதனால் வாங்கியபோதே கடைக்காரர் எல்லாம் மெமரி கார்டில் போய் விழும்படி வைத்துக் கொடுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பினால், அனுப்பிய படத்துக்கு இன்னொரு நகலைத் தனி ஃபோல்டரில் அது எடுத்து வைத்துக்கொள்ளும். பேச்சை அழித்தாலும் அது அங்கேயே இருக்கும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

அந்த ஹாஸ்டலில் சீப்பு கேட்டால் முகம் சுளிப்பார்கள், பவுடர் கேட்டால் டப்பா காலி என்பார்கள். மெமரி கார்டு கேட்டால் மட்டும் யாரும் யோசிக்கமாட்டார்கள். முறை வைத்து ஒருத்தி மொபைல் கடைக்குப் போய்ப் புதுப் பாட்டெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவாள். பிறகு அந்தக் கார்டு கை மாறிக் கை மாறி எல்லாப் போனுக்குள்ளும் போய் வரும். அந்த மாதம் மாரிசெல்வியின் முறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முருகனைக் கும்பிட்டு, வருகிற வழியில் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தாள். அறைக்குள் நுழைவதற்குள் சுகப்பிரியா கையை நீட்டினாள்.

சுகப்பிரியா எட்டையபுரத்துக்காரி. லைனில் பக்கத்து இடம், அறையில் பக்கத்துப் பாய். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

"குடுட்டி, நாந்தான் மொதல்ல கேப்பேன். ராத்திரி தாரேன்."

மாரிசெல்வி போனைத் திறந்து நகத்தால் கார்டை நெம்பி எடுத்துக் கொடுத்தாள். மனசில் ஒரு சின்ன முள்கூடக் குத்தவில்லை. போனைத்தான் சுத்தம் செய்தாயிற்றே. கார்டை அவள் பாட்டுப் பெட்டியாகத்தான் பார்த்தாள்.

ராத்திரி கார்டு திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "தலைவலிக்கி, நாளைக்குத் தாரேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் சுகப்பிரியா. பாட்டுத்தான் கேட்கிறாள் என்று இவளும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து டீ எடுக்கப் போனபோது அலமாரியில் அவள் தம்ளர் இல்லை. கீழ்த்தட்டில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், அவள் தட்டும் தம்ளரும் தனியாக இருந்தன. தம்ளரின் விளிம்புக்குக் கீழே நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு. சுகப்பிரியாவின் நெயில் பாலிஷ். அந்த நிறத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வாள். அறைக்குப் போனால் ஐந்து பாய்கள் ஒரு ஓரத்திலும் அவள் பாய் மட்டும் ஜன்னலுக்கு அடியிலும் கிடந்தன. அவள் தலையணைமேல் மெமரி கார்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்கள்.

யாராவது முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. காகிதத்தைப் பிரித்து, கார்டைப் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி மூடிமேல் விரித்த தாள், அவள் பெயர், வயது, நோயின் பெயர், எல்லாம் பளிச்சென்று கிடந்தன.

சுகப்பிரியா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்க அத்த டி.பி.யிலதாம்லா செத்தா. நான் பாத்துருக்கேன். எனக்குப் பயமா இருந்துச்சுட்டி" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். பயந்தவள் அழுதாலும் காட்டிக்கொடுத்தது இல்லையென்று ஆகிவிடுமா? மாரிசெல்விக்குக் கோபம் பொங்கியது, ஆனால் திட்டுவதற்கு வாய் வரவில்லை. அந்த அத்தையைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

கீழே சமையலறையிலிருந்து அன்னக்கிளி கூப்பிட்டாள். அன்னக்கிளிதான் ஹாஸ்டலுக்குப் பொறுப்பு. வல்லம் வடகாலில் இருந்த இடத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பத்து மனுஷி. கான்ட்ராக்டர் அவளிடம் சமையலையும் சாவியையும் சேர்த்து ஒப்படைத்திருந்தார். குரல் கறார், கை தாராளம். பிள்ளைகளுக்குக் குழம்பில் ஒரு கரண்டி கூடத்தான் விழும்.

"பொட்டிய கட்டிடு கண்ணு. ஆபீசுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு கம்பெனி பஸ்ஸுல ஏறாத."

"அக்கா, இது பரவாது. நெஞ்சுல இல்லக்கா, நெறியிலதான். டாக்டரே சொல்லிருக்காரு."

"எங்க சொன்னாரு? காட்டு."

மாரிசெல்வி போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பரவாது என்ற டாக்டரின் பதிலைத் தன் கையாலேயே அழித்திருந்தாள். அழிந்திருக்க வேண்டிய படம் ஊரெல்லாம் சுற்றியது; இருந்திருக்க வேண்டிய பதில் இல்லாமல் போயிற்று.

"அழிச்சிட்டேன்க்கா" என்றாள்.

"அழிச்சிட்டியா?" அன்னக்கிளி உதட்டைப் பிதுக்கினாள். "இத பாரு. இத்தினி பொண்ணுங்களுக்கு நான் பதில் சொல்லணும். நாளைக்கு சாயங்காலம் வரிக்கும் டைம் தரேன். டாக்டராண்ட எழுதி எட்னு வா. இல்லன்னா ஆறு மணி வண்டிக்கு கெளம்பிடு."

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. படப்பை கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. டாக்டர் இன்னும் வரவில்லை. இசைவாணி ஒரு கையால் டோக்கன் கிழித்துக்கொண்டு இன்னொரு கையால் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கிளினிக் போன் மேஜைமேல் சார்ஜரில் கிடந்தது. நொடிக்கொரு தரம் மினுக்கி மினுக்கி அணைந்தது.

மாரிசெல்வி விஷயத்தைச் சொன்னாள். "என் போன்ல அழிஞ்சிருச்சுக்கா. உங்க போன்ல அவர் போட்ட பதில் இருக்கும்லா?"

"இருக்கும்மா. நாங்க எங்க அதெல்லாம் அழிக்கிறோம். இந்தா, நீயே தேடிக்கோ. நான் உள்ள ஊசி போட்டுட்டு ஓடி வந்துடறேன்." போனைப் பிடுங்கி அவள் கையில் திணித்துவிட்டு இசைவாணி போய்விட்டாள்.

மாரிசெல்வி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தள்ளத் தள்ள வந்துகொண்டிருந்தது. யார் யாரோ, பெயரோடு செக்யூரிட்டி, கேன்டீன், வெல்டிங் என்று வேலையையும் சேர்த்துப் பதிந்திருந்தது. நசுங்கிய விரல். சிறுநீர் ரிப்போர்ட். கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது என்று ஆரம்பிக்கும் நீளமான ஒரு செய்தி. அவர்கள் ஒவ்வொருவரும் மாடியிலோ குளியலறையிலோ ஒளிந்து நின்று அனுப்பியிருப்பார்கள். இங்கே காத்திருக்கிற யார் கேட்டாலும் இசைவாணி இப்படித்தான் எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

அப்போதுதான் அந்த முகப்புப் படம் வந்தது. பட்டுப்புடவையில், வல்லக்கோட்டைக் கோயில் வாசலில், நெற்றி நிறைய விபூதியோடு அன்னக்கிளி. பெயருக்குக் கீழே கடைசி வரி தெரிந்தது. பிள்ளைங்களுக்கு நான்தான் சமைக்கிறேன், பரவுமா சார்?

தன்னுடைய கேள்வியையே அடுத்தவள் பெயரில் பார்த்தபோது விரல் தானாக அமுக்கிவிட்டது. திறந்திருக்கக் கூடாது, திறந்துவிட்டாள். ரத்த ரிப்போர்ட். காமாலையில் ஒரு வகை, ரத்தத்திலேயே தங்கிவிடுகிற வகை, அன்னக்கிளிக்கு இருந்தது. சாப்பாட்டில், தண்ணீரில் இது பரவாது, தாராளமாகச் சமைக்கலாம் என்று டாக்டர் முன்பு ஒரு தடவை விளக்கமாகப் பதில் போட்டிருந்தார். அப்படியும் அன்னக்கிளிக்கு மனசு கேட்கவில்லை. நாலு நாள் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டிருந்தாள்.

மாரிசெல்விக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதை மறைப்பானேன்? ஆத்திரம்தான் வந்தது. என் பாயை ஜன்னலுக்கடியில் போடவிட்டவளே, என் தட்டைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைக்கவிட்டவளே, உனக்கும் இதுதானா! அந்த ரிப்போர்ட் படத்தைத் தன் நம்பருக்குத் தள்ளிவிட இரண்டு தரம் அமுக்கினால் போதும். ஹாஸ்டலில் ஒருத்தியிடம் காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் உலையில் அரிசி போட ஆளிருக்காது. கட்டைவிரல் படத்தின்மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தம்ளரில் இருந்த அந்தச் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்தது. விரலை எடுத்துக்கொண்டாள். தன் பதிலைத் தேடாமலே போனை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். லெட்டர்பேடில் தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

"இசைவாணி, இத ஒரு போட்டோ எடுத்து இவங்க கான்ட்ராக்டர் ஆபீசுக்கு வாட்ஸ்அப் பண்ணிடும்மா. இந்தப் பொண்ணு போறதுக்குள்ள போயிடும்."

"வேண்டாம் சார்" என்றாள் மாரிசெல்வி. "கையில குடுங்க. நானே கொண்டு போறேன்."

வெளியே வரும்போது இசைவாணியிடம் நின்றாள். "யக்கா, அந்தப் போன யார் கையிலயும் குடுக்காதீங்க."

"யாராண்ட குடுத்தேன்? உன்னாண்டதான குடுத்தேன்" என்று சிரித்தாள் இசைவாணி. அவள் மனசில் சூது இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வல்லக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது காலை ஷிப்ட் பெண்களும் வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சமையலறை வாசலில் அவள் பெட்டியை யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அன்னக்கிளி லெட்டரை வாங்கி உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்துவிட்டு மடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"டாக்டருங்க ஆயிரம் எழுதுவாங்க கண்ணு. பொண்ணுங்க பயந்துகினு கீதுங்க. சோத்துத் தட்டு வெக்கிற எடத்துல பயம் வந்துட்ச்சின்னா நான் இன்னா பண்றது, சொல்லு?"

கூடத்தில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். சுகப்பிரியா தூணோரம் நின்றாள். மாரிசெல்வி நினைத்திருந்தால் அந்த இடத்தில், உரக்க, ஒரே வாக்கியத்தில் கணக்குத் தீர்த்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் சமையலறைக்குள் போய், அடுப்புச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று, அன்னக்கிளிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, கிளினிக் போன்ல என் மெசேஜத் தேடயில ஒங்களதும் கண்ணுல பட்டுச்சு. தெறந்து பாத்துட்டேன். தப்புத்தான், மன்னிச்சுக்கோங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அனுப்புன படத்த அழிச்சிருங்க. மெசேஜ மட்டும் அழிச்சாப் பத்தாது, கார்டுல இன்னொரு காப்பி கெடக்கும். எனக்கு அப்பிடித்தான் போச்சு."

அன்னக்கிளியின் கையிலிருந்த கரண்டி குழம்பில் அப்படியே நின்றது. குழம்பு தளதளவென்று கொதித்தது. முகத்தில் முதலில் வந்தது பயம், அதன் பின்னாலேயே வந்தது வெட்கம். இரண்டையும் மாரிசெல்வி நேற்றே தன் முகத்தில் அனுபவித்துவிட்டதால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"யாராண்டயும் சொல்லலையே?"

"இல்லக்கா."

அன்னக்கிளி முந்தானையில் கையைத் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "எங்க கீது அது? அழிச்சி குடு."

மாரிசெல்வி அதைத் தொடவில்லை. "நீங்களே அமுக்குங்க. நான் எடத்த மட்டும் சொல்லுதேன்" என்று சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதைத் திறக்க வேண்டும், அதற்குள் எதைத் திறக்க வேண்டும் என்று வழி சொன்னாள். அன்னக்கிளி தடவித் தடவி அமுக்கினாள். ஒரு தரம் தப்பாகப் போய்த் திரும்பி வந்தாள். கடைசியில் "போச்சி" என்றாள். பெருமூச்சும் கூடவே வந்தது.

பிறகு அவள் கூடத்துக்கு வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து, துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புப் பொட்டுத் தம்ளரை எடுத்தாள். கழுவக்கூட இல்லை. கேனிலிருந்து அதில் டீ பிடித்து, நின்றபடியே, வாய் வைத்துக் குடித்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"இன்னா பாக்கறீங்க? டாக்டரு எழுதி குடுத்துகீறாரு. ஒட்டாதாம்" என்றாள். "யாருக்கு பயமா கீதோ அவங்க பொட்டிய கட்டட்டும். சோறு ஆறுது, வந்து போட்டுகினு போங்க."

ஆபீசுக்குப் போன் போட்டு, நாளைக்குக் காலை பஸ்ஸில் ஒரு ஆள் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். பயந்து செய்தாளா, மனசு வந்து செய்தாளா என்று மாரிசெல்வி ஆராயப் போகவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் பாய் ஜன்னலுக்கு அடியிலேயே கிடந்தது. அதை யாரும் இழுத்துப் போட்டிருக்கவில்லை. அவளே இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். பக்கத்துப் பாய்க்காரி நகரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடக் கீழே வந்தபோது அவள் தட்டு மேல்தட்டில், மற்றவர்கள் தட்டோடு அடுக்கியிருந்தது. தம்ளர் மட்டும் அங்கே இல்லை. அது சமையலறையில் அன்னக்கிளியின் மேடையில் இருந்தது. மாரிசெல்வி எடுக்கப் போனாள்.

"அத வுடு" என்றாள் அன்னக்கிளி, திரும்பிப் பார்க்காமல். "அது இனிமே என்னுது. நீ வேற எடுத்துக்கோ."